முதல் முடிச்சு

"எழுபத்தஞ்சு வயசுல இவளுக்கு அலங்காரம் கேக்கறதா?"

கோமளம் மெதுவாத்தான் சொன்னா. ஆனா கோமளத்தோட மெதுவு கல்யாண மண்டபத்துல கடைசி வரிசை வரைக்கும் கேக்கும். சின்ன வயசுல பாட்டு கத்துண்ட தொண்டை. பாட்டு சொல்லிக்குடுத்தவர் மூணாம் மாசமே அடையாறுக்கு வீட்டை மாத்திண்டு போயிட்டார். அது கெடக்கட்டும்.

மேடையில நாற்காலியில அவ அண்ணா வேதாந்தம். அன்னிக்கு அவருக்கு எண்பது தாண்டின சதாபிஷேகம். பார்க்கின்சன் வந்து கை நடுங்கி, உடம்பே கட்டையா எறுகிப்போற மனுஷன். கலசத் தீர்த்தம் விட்டாச்சு, புது வேஷ்டி கட்டியாச்சு. அவர் ஆம்படையாள் சூடாமணி மன்னிக்கு மறுபடியும் திருமாங்கல்யம் கட்டணும். அதான் பாக்கி.

முதல் முடிச்சு ஆம்படையான் போடணும். மத்த ரெண்டும் நாத்தனார் போடறது வழக்கம்.

"ஒரே ஒரு முடிச்சு கோமளா. அது என் கையாலதான் விழணும்"னு ரொம்ப நாளா அண்ணா பொலம்பிண்டே இருந்தார்.

அதுக்காகத்தான் பட்டினப்பாக்கத்து நர்ஸ் ஜெனிதா, ஈர வேஷ்டி மாத்தின உடனே வெறும் வயத்துல மாத்திரையைக் குடுத்தா.

"இது வேலை செய்ய ஆரம்பிச்சா கை லேசாயிடும்மா. கொஞ்ச நேரம் நல்லா இருப்பாரு. அப்புறம் பழையபடி பூட்டிக்கும். அதுக்குள்ள தாலிய கட்டிடுங்க"ன்னு சொல்லிட்டு ஈரத்துணியை உலர்த்தப் போனா.

எல்லாம் தெரிஞ்சும் மன்னி பண்றதைப் பாருங்கோ!

"வர்ஷினி, மடிசார் கொசுவம் சரியா வரலைடி. ரூமுக்கு வா, அவுத்துக் கட்டணும்."

பேத்தி முழிச்சா. "பாட்டி, நன்னாத்தானே இருக்கு?"

"நன்னால்ல. வா."

போனவ லேசுல வரலை. வந்து உக்காந்ததும் தோட்டுத் திருகு லூஸுன்னா. அப்புறம் போட்டோக்காரனைக் கூப்பிட்டு, "இந்தப் பக்கத்துலேர்ந்து ஒண்ணு எடுப்பா, அந்தப் பக்கத்துலேர்ந்து ஒண்ணு"ன்னா. அப்புறம் பூ வாடிடுத்தாம்.

"வர்ஷினி, மாட வீதிக்குப் போய் புதுசா நாலு முழம் மல்லி வாங்கிண்டு வா."

மந்திரம் சொல்லிண்டிருந்த வாத்தியார் கோதண்டபாணி செல்போன்ல மணி பாத்தார். "மாமி, ராகுகாலம் நெருங்கறது."

"நெருங்கத்தானே நெருங்கறது? வந்தப்புறம் சொல்லுங்கோ."

மண்டபமே சிரிச்சுது. கோமளம் மட்டும் தவிச்சா. அவ பொண்ணு கல்யாணத்துல மாலைக்காரன் கோடம்பாக்கம் பாலத்துல மாட்டிண்டானே, அப்போ கூட இப்படித் தவிக்கலை. அது தானா வந்த தடங்கல். இது வேணும்னே பண்றதாச்சே!

கார்த்தாலேர்ந்து அண்ணா பச்சைத் தண்ணி பல்லுல படாம உக்காந்திருந்தார். பொண்டாட்டி ஒரு வாய் எதாவது குடுத்தாளா? இல்லை. வெறும் வயத்துல மாத்திரை போட்டா குடல் வெந்துபோகாதோன்னு, வெள்ளி டம்ளர்ல குங்குமப்பூ போட்ட பாதாம் பாலை ஓடிப்போய்ப் புகட்டினது கோமளம்தான். விரதத்துக்குப் பால் தோஷமில்லை. மன்னி அப்புறம் வந்து, அவர் மோவாய்ல ஒட்டிண்டிருந்த குங்குமப்பூவைத் தலைப்பால தொடச்சதோட சரி.

அண்ணா கையைப் பாத்தா. மடியில கெடந்து அது வெடவெடன்னு ஆடித்து.

"மன்னி! மாத்திரை வேகம் எறங்கிடுத்து, பாரு! நீ பூ வச்சுண்டு முடிக்கறதுக்குள்ள கை பூட்டிண்டுடும். அவர் கேட்டது ஒரே ஒரு முடிச்சு. அதையும் ஒன் அலங்காரத்துக்குப் பலி குடுக்கறியே! பேசாம மூணு முடிச்சையும் நானே போட்டுத் தொலைக்கறேன்!"

நாதஸ்வரக்காரர் கூட நிறுத்திட்டார்.

சூடாமணி கோமளத்தைத் திரும்பிப் பாக்கலை. கையை மட்டும் அவர் மடியில வச்சா.

"ஏன்னா, என் வளையல் நன்னாருக்கா?"

பாத்தேளா! அப்பவும் வளையல்!

வேதாந்தம் வளையலைப் பாத்தார். ரொம்ப நேரம் ஒண்ணும் ஆகலை. அப்புறம் அவர் விரல் மெதுவா நகந்து, வளையலைப் பிடிச்சு ஒரு சுத்து சுத்தித்து.

"வாத்தியாரே, ஆரம்பிங்கோ"ன்னா சூடாமணி.

"பூ இன்னும் வரலையே மாமி?"

"வாடின பூவே போறும். சீக்கிரம்!"

கெட்டிமேளம் கொட்டித்து. வேதாந்தம் ரெண்டு கையாலயும் மஞ்சச் சரடை எடுத்தார். ஆடலை. யாரும் பிடிச்சுக்கலை. முதல் முடிச்சு அவர் கையாலயே விழுந்துது. மத்த ரெண்டையும் கண்ணுல ஜலத்தோட கோமளம் போட்டா.

ஆனா வாய் சும்மா இருக்குமோ? சாப்பாட்டுக் கூடத்துல ஜெனிதாவைப் பிடிச்சுண்டா.

"நல்லவேளை, மாத்திரை அதுவரைக்கும் தாங்கித்து. இல்லேன்னா மன்னி பண்ணின கூத்துக்கு..."

"இன்னாம்மா நீங்க! மாத்திர வேலை செய்ய ஆரம்பிச்சதே அப்பத்தான். நான் துணி உலர்த்தப் போன கேப்புல யாரோ பால் குடுத்திருக்காங்க. பால்ல இருக்கற சத்து முன்னாடி பூந்துக்கும்மா, மாத்திர பின்னாடி க்யூவுல நிக்கும். யாரு குடுத்ததுன்னு கேக்கப் போனேன். சூடாமணி அம்மா வுடல. 'யாரையும் கேக்காதே. அவர் கை வர்ற வரைக்கும் நான் எதாவது பண்ணி நேரத்தை ஓட்டறேன்'னுட்டாங்க."

கடைசி வரிசை வரைக்கும் கேக்கற தொண்டை, "பால்... நான்தான்"னு பக்கத்துல நின்ன ஜெனிதாவுக்கே கேக்காம முணுமுணுத்துது.

"கோமளா!"

திரும்பினா சூடாமணி. கையில, கழுவித் தொடச்ச அந்த வெள்ளி டம்ளர்.

"ஒன் பாதாம் பால் மிச்சம் இருந்தா அண்ணாக்கு எடுத்துண்டு போ. ஆசையாக் குடிப்பார். இப்போ குடுக்கலாம்."