வண்டிடம் சொன்னது

ரேணுகா மருந்தடிக்கும் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு அவரைப் பந்தலுக்கு அடியில் வந்து நின்றாள். ஏழு மாதமாக நான் கட்டிக்காத்த வைராக்கியம் அப்போதுதான் முதல்முறையாக ஆட்டம் கண்டது.

ரேணுகா என் ஓரகத்தி. கொழுந்தனின் பெண்டாட்டி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு கிளுவை வேலி, அதற்கு மேலே இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பந்தல். வேர் என் பக்கம். காய்ப்பெல்லாம் அவள் பக்கம்.

கடல் உள்ளே வந்து போன மண்ணில் போன வருஷம் புல்கூட முளைக்கவில்லை. இந்த வருஷம் பிழைத்து எழுந்த ஒரே கொடி இதுதான்.

கொடி ஒன்றாக இருந்தும் எங்களுக்குள் பேச்சு கிடையாது. ஆடி மாதம் என் கோழி அவள் வீட்டுக் கூடையில் போய் முட்டையிட்டது. முட்டை யாருக்கு என்பதில் தெருவே கூடிவிட்டது. செத்தாலும் இவளிடம் நானாகப் பேசமாட்டேன் என்று நான் சொன்னேன். அவளும் அதையே சொன்னாள். எங்கள் புருஷன்மார் மட்டும் வெட்கமில்லாமல் ஒரே சைக்கிளில் உப்பளத்துக்குப் போய்வந்தார்கள்.

அப்புறம் அவளைத் திட்ட வேண்டுமென்றால் நான் கோழியைத் திட்டுவேன். அவளும் பதிலைக் கோழியிடமே சொல்வாள். ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. தீபாவளியன்று ஆத்திரத்தில் அந்தக் கோழியைக் குழம்பு வைத்துவிட்டேன். அன்றிலிருந்து ஜாடை பேசவும் ஆளில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் குழம்பு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ரேணுகாவின் சத்தம் கேட்காத வீட்டில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை.

இப்போது மாசி. பனி விலகி வெயில் ஏறியதும் பொறிவண்டுகள் வந்துவிட்டன. சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த, மிளகளவு வண்டுகள். கொழுந்தில் அப்பிக்கிடந்த செடிப்பேனை அவை தின்று தீர்ப்பதை ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மருந்தடித்தால் பேனோடு வண்டும் போகும், பூவும் போகும்.

ஆனால் ரேணுகா நேற்றுச் சாயங்காலமே, தெருக்கோடிவரை கேட்கும்படி, நாளைக்கு மருந்தடிக்கப் போவதாகத் தன் புருஷனிடம் சொல்லிவிட்டாள். சொன்னபடி வந்தும் நிற்கிறாள். மகளிர் குழுவில் கொடுத்த புது டேங்க். ஸ்டிக்கர்கூட இன்னும் கிழியவில்லை.

வேலிக்கு என் பக்கம் நின்றபடி ஒரு வண்டை விரலில் ஏற்றிக்கொண்டேன். அவள் பக்கம் திரும்பாமல், அவள் காதில் விழும்படி வண்டிடம் சொன்னேன்.

"ஏ வண்டு, எங்கனா ஓடிப்போயிடு. நீ பேனைத் தின்ன வந்தவன்னு தெரியாம ஒருத்தி உனக்கு மருந்து கொண்டாந்திருக்கா."

வண்டு காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் மல்லாந்துவிட்டது. நான் பேச ஆரம்பித்தால் என் வீட்டுக்காரரும் இதைத்தான் செய்வார்.

ரேணுகா 'டக் டக்' என்று பம்பை அடித்தாள்.

இன்னொரு வண்டை எடுத்தேன். இன்னும் சத்தமாகச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அது என் விரலில் மஞ்சளாக ஒரு சொட்டு விட்டுவிட்டுப் பறந்துபோனது.

ரேணுகா குழாயைத் தூக்கி, பூ நிறைந்த கொழுந்துக்கு நேராகப் பிடித்தாள்.

வைராக்கியமாவது மண்ணாவது.

"ரேணு! கைய எடுடி!"

சட்டென்று திரும்பினாள். குழாயும் அவளோடு திரும்பியது. என் கண், மூக்கு, திறந்திருந்த வாய் எல்லாவற்றிலும் 'சர்'ரென்று அடித்தது. போச்சு, இன்றோடு என் கதை முடிந்தது என்று அப்படியே மண்ணில் உட்கார்ந்து துப்பத் தொடங்கினேன்.

ரேணுகா பதறவில்லை. டேங்கை இறக்கி வைத்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, இலைமேல் இருந்த ஒரு வண்டிடம் மூச்சு வாங்கியபடியே சொன்னாள்.

"பாத்தியா, அக்கா பேசிட்டாங்க."

அப்போதுதான் கவனித்தேன். வாயில் மருந்து வாடையே இல்லை.

கரிப்பும் இல்லை. எங்கள் தெருக் கிணறுகளில் எதில் மொண்டாலும் கரிக்கும். அதை அடித்தால் கொழுந்து கருகிவிடும் என்று அவளுக்குத் தெரியாதா?

இது மெயின் ரோட்டுக் குழாயில் விடிவதற்கு முன்னால் போய் வரிசையில் நின்று, முக்கால் மைல் இடுப்பில் சுமந்து வர வேண்டிய தண்ணீர். குடிக்க மட்டும் வைத்திருப்போம். கை கழுவக்கூடத் தரமாட்டோம்.

ஒரு குடம் முழுக்க டேங்கில் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

வாயில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. துப்ப மனசு வரவில்லை.