பெலிக்ஸின் கத்தி

இருந்தவர்கள்: அப்பா சவரிமுத்து, அம்மா மெட்டில்டா, தேவராஜ மார்க்கெட்டில் பழைய சாமான் விற்கும் காதர் பாய், நான்.

1951, கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் காலை.

அண்ணன் பெலிக்ஸ் பர்மா சண்டையில் காணாமல் போனான். அவன் வந்தால் கதவைத் தட்டி நிற்கக்கூடாது என்று அன்றிலிருந்து அம்மா கதவைப் பூட்டியதில்லை. உடல் கிடைக்காததால் அப்பாவுக்குப் புதைக்க ஏதாவது வேண்டியிருந்தது. அவனுடையது கிடைக்குமென்று காதர் பாயிடம் வெள்ளைக்காரப் பட்டாளத்துக் குத்துக்கத்திகளை வாங்கிச் சேர்த்தார். பதினான்காவது கத்தியின் பிடியில், அண்ணன் விடுமுறையில் வந்தபோது கம்பியைக் காய்ச்சிப் போட்ட சிலுவை இருந்தது. போன வருடம் அதைப் பெட்டியில் வைத்துப் புதைத்தோம். குழி தோண்டியவன் நான்.

காதர் பாய் கொண்டுவந்த துணிப்பொட்டலத்தைப் பிரித்தார். அதே கத்தி, அதே சிலுவை. உறையில் ஈரமண்.

“எங்க கெடச்சுது பாய்?” என்றார் அப்பா.

“பட்டாளத்து ஆள் ஒருத்தர் குடுத்தாருங்க. காசு வேணாம், வீட்ல சேத்துடுங்கன்னாரு.”

அப்பா என்னைப் பார்த்தார். “மறுபடி பொதைச்சுட்டு வாடா.”

அம்மா கத்தியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். “புள்ள வந்திருக்கான். இன்னும் எத்தன வாட்டி அனுப்புவீங்க?”

பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி, கடப்பாரையோடு படியிறங்கினேன். அம்மா எனக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.