மழை வந்தால் உள்ளே ஓடும் கொடி

"கனவுல வந்ததுக்கெல்லாம் பேட்டன்ட் குடுப்பாங்களா, மேடம்?"

காப்புரிமை வாங்கித் தரும் அந்தப் பெண்மணி பேனாவைக் கீழே வைத்தார். பதினெட்டு வருடத் தொழிலில், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கண்டுபிடித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறார். தூங்கியே கண்டுபிடித்தவர் இவர்தான் முதல் ஆள்.

வந்தவருக்கு பிஸ்கட் கம்பெனியில் இரவு ஷிப்ட். வேலை முடிந்த கையோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு நேராக வந்திருந்தார். கண் சிவந்திருந்தது. சட்டையில் சர்க்கரை வாசனை. வெளியே மேகம் மூடிக்கொண்டிருக்க, மின்விசிறி போனால் போகிறதென்று சுற்றியது. மொத்த அறையும் பாதித் தூக்கத்தில் இருந்தது.

"பகல்லதான் மேடம் தூங்குவேன். ஒரே ரூம் வீடு. கண்ணை மூடினா படம் படமா வரும். மொட்டை மாடி. துணி காயுது. முதல் தூறல் விழுது. கொடி தானாவே சரசரன்னு நகர்ந்து கூரைக்குள்ள வந்துடுது. ஒரு துணி நனையல. பார்க்கவே அவ்வளவு அழகா இருக்கும்."

சொல்லும்போதே அவர் பார்வை எங்கோ போய்விட்டது.

"எப்படி நகருது?"

"கூரைக்கு அடியில ஒரு ஸ்பிரிங். அதை வெளிய இழுத்து, கொடிக்குக் கீழ ஒரு துண்டுக் காகிதத்தால கட்டி வச்சிருக்கு. மழை பட்டா காகிதம் ஊறி அறுந்துடும். ஸ்பிரிங் கொடியை உள்ள இழுத்துக்கும். கரண்ட்டே வேண்டாம்."

"எல்லாம் ஒரே கனவுலயா வந்துச்சு?"

"இல்ல மேடம், தொடர்கதை மாதிரி. ஸ்பிரிங்கே ஒரு மாசம் கழிச்சுத்தான் வந்துச்சு."

பெண்மணிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யோசனை பிடித்திருந்தது. கம்ப்யூட்டரில் பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தார்.

"நான் தேடிப் பார்த்த வரைக்கும் இதை யாரும் பதிவு பண்ணல. ஆனா செலவைக் கேட்டா உங்க தூக்கம் போயிடும். எழுதித் தர்ற எனக்குக் கூலி. மனு போட அரசாங்கத்துக்கு ஒரு கட்டணம், அவங்க பரிசோதிச்சுப் பார்க்க இன்னொண்ணு. கிடைச்ச பிறகு வருஷா வருஷம் கட்டணும்."

"கட்டிட்டா யாரும் திருட முடியாதில்ல?"

"திருடுறவன் திருடத்தான் செய்வான். பேட்டன்ட் இருந்தா நீங்க கோர்ட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். அதுக்கும் காசு நீங்கதான் போடணும்."

அவர் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு ரூம் வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்க மூணு வருஷமா சேர்த்தது இருக்கு மேடம். அதை அப்படியே இதுல போட்டுடலாம்னு..."

"ஏங்க..." என்றாள் மனைவி.

"இரும்மா. நாங்க பேசிட்டிருக்கோம்ல." அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெண்மணிக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. புருஷன் காணும் கனவுக்கு இவள் வீடு போகப் போகிறது.

"அட்வான்ஸ் பணத்துல கை வைக்காதீங்க. முதல்ல தற்காலிகமா ஒரு மனு போடலாம். கொஞ்சம்தான் செலவாகும், ஒரு வருஷம் அவகாசம் கிடைக்கும். அதுக்குள்ள இதைச் செஞ்சு விக்கிற கம்பெனி ஏதாவது அகப்பட்டா, மீதிச் செலவை அவங்க தலையில கட்டிடலாம். அகப்படலைன்னா அதோட விட்டுடுங்க. வீடாவது மிஞ்சும்."

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அவரும் தலையாட்டினார்.

"ஆனா ஒரு சந்தேகம். காயப்போடுற துணியே ஈரம்தானே? அது சொட்டிக் காகிதம் நனைஞ்சா, நல்ல வெயில்லயே கொடி உள்ள ஓடிடுமே?"

அவர் தலையைச் சொறிந்தார்.

"அது இன்னும் கனவுல வரல மேடம்."

"வரணும். அது தெரியாம மனுவை எழுத முடியாது."

படிவம் எடுக்கப் பெண்மணி உள்ளே போனார். திரும்பி வருவதற்குள் அவர் நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கியிருந்தார். ராத்திரி முழுக்க நின்ற உடம்பு. ஜன்னலுக்கு வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது.

'கண்டுபிடித்தவர் பெயர்' என்ற கட்டத்தில் பெண்மணி பேனாவை வைத்தார். மனைவி கணவரின் பக்கம் குனிவது தெரிந்தது.

"பாவம், எழுப்பாதீங்கம்மா."

அவள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். பிறகு அவர் காதோரம் வாயைக் கொண்டுபோய், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, பழகிப்போனவள்போல் பேச ஆரம்பித்தாள்.

"காகிதம் கொடிக்குக் கீழ இல்லங்க... கொடியை விட ஒரு முழம் உசரத்துல, ஒரு கம்பு நுனியில இருக்கு... துணித் தண்ணி கீழதானே சொட்டும்... மேலேருந்து விழுற மழை மட்டும்தான் அதுல படும்... தெரியுதா?"

தூக்கத்திலேயே அவர் முகம் மலர்ந்தது.

பெண்மணியின் பேனா நின்றுவிட்டது.

"ஏம்மா, இதை நேராவே அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"முழிச்சிருக்கும்போது சொன்னா, இவர் என்னிக்கு மேடம் காதுல வாங்கியிருக்காரு?"