நீளமான பட்டன்

செம்மேட்டுக் கம்ப்யூட்டர் சென்டரின் தகரக் கூரையில் சாயங்கால மழை இரைகிறது. எதிரெதிராக வைத்த இரண்டு கம்ப்யூட்டர்களில் இந்தப் பக்கம் பாப்பாயி உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பக்கம் அவள் மகள் பிரபாவதி. அம்மா அடித்த கோபத்தில் மூன்று நாளாக வீட்டுக்கு வராமல், வேலை பார்க்கும் இந்த சென்டரிலேயே தங்கியிருக்கிறாள். "இந்த கேம்ல நீதான் பேயி. நான் ஒளிஞ்சுக்கறேன். கண்டுபிடிச்சு அந்த நீளமான பட்டன அமுக்கி அடி. ஜெயிச்சீன்னா ஊட்டுக்கு வாரேன்" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வருகிறது. வெளியே அவர்கள் ஊருக்குப் போகும் வாழவந்தி நாட்டு பஸ் ஹாரன் அடிக்கிறது. பாப்பாயி மரவள்ளிக் காட்டு மண் ஒட்டிய கட்டைவிரலைப் பட்டன்மேல் வைக்கிறாள். திரையில் பேயின் நகம் நீண்ட இரண்டு கைகள் அறை அறையாகத் தேடுகின்றன. கட்டிலுக்கடியில் யாரும் இல்லை, அடுப்படியிலும் இல்லை. மூலையில் நிற்கும் பீரோவுக்குள்ளிருந்து மூச்சிரைக்கும் சத்தம் கேட்கிறது. ஹாரன் மறுபடியும் அலறுகிறது. நகங்கள் பீரோவின் முன்னால் வந்து நிற்கின்றன. "வெளிய வா கண்ணு. அடிக்க மாட்டேன்" என்கிறாள் பாப்பாயி, திரையைப் பார்த்தபடியே. பீரோக் கதவு உள்ளிருந்து மெல்லத் திறக்கிறது. பாப்பாயி பட்டனை அமுக்காமல் இரண்டு கைகளையும் வெடுக்கென்று எடுத்து மடிக்குள் புதைத்துக்கொள்கிறாள்.