எங்களுக்கு

"எங்களுக்குக் காலையில எழுந்துக்கவே முடியல, டாக்டர்" என்றாள் அம்மா.

புது டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எங்களுக்கா? இதுல பேஷண்ட் யாரு?"

"இவதான், என் பொண்ணு. ரெண்டு வயசுல முட்டி வீங்கிச்சு. மூட்டுவாதம்னாங்க. பதினாறு வருஷம் குழந்தைங்க ஆஸ்பத்திரியில பார்த்தோம். இப்ப பதினெட்டு முடிஞ்சுது, இனிமே பெரியவங்க பக்கம் போங்கன்னு அனுப்பிட்டாங்க."

பிதுங்கிப்போன ஃபைலை முழங்கையால் அணைத்துத் தூக்கி மேசைமேல் வைத்தாள்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருக்கும். அங்கே டாக்டர் அம்மாவைப் பார்த்துத்தான் கேட்பார். அம்மாதான் பதில் சொல்வாள். 'எங்களுக்கு ரெண்டு நாளா காய்ச்சல்.' 'எங்களுக்குக் கண் பரிசோதனை முடிஞ்சுது.' நர்ஸ் சிரிப்பாள். "மாத்திரையையும் ஆளுக்குப் பாதியா போட்டுக்கிறீங்களாம்மா?"

இங்கே சுவர் மொட்டையாக இருந்தது. டாக்டர் மகளைப் பார்த்துக் கேட்டார். "மாத்திரை எப்படிப் போடுறீங்க?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் ஆறு..." அம்மா முந்திக்கொண்டாள்.

"அவங்க சொல்லட்டும்."

மகள் சொன்னாள். ஒன்று விடாமல் சரியாகத்தான் சொன்னாள். அதுவே அம்மாவுக்கு என்னவோ போல் இருந்தது.

"காலையில விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கு?"

மகள் வாயைத் திறப்பதற்குள், "முக்கால் மணி நேரம்" என்றாள் அம்மா. "விரல் மடங்கவே மடங்காது. வெந்நீர்ல முக்கி எடுத்தாத்தான் ஒரு டம்ளரையாவது பிடிக்க முடியும்."

டாக்டரின் பேனா நின்றது. மகள் திரும்பி அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அம்மா, நீ வெளியில உக்காரு."

"என்னடி?"

"நான் தனியா பேசிக்கிறேன். போம்மா."

வெளியே நீள பெஞ்சில், கழுத்தில் பட்டை மாட்டிய ஒரு பெரியவர் நகர்ந்து இடம் விட்டார்.

"உள்ள விடலையா?"

"பெத்த பொண்ணே வெளிய போன்னுட்டா."

"அடடே! என் பையன் என்னை உள்ள தள்ளிட்டு, அவன் போனைத் தூக்கிக்கிட்டு ஓடிடுவான். உங்க வீட்ல தலைகீழால்ல இருக்கு!"

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முட்டியை மடியில் போட்டு எத்தனை வருஷம் நீவியிருப்பாள். வீட்டிலேயே ஊசி போடக் கற்றுக்கொண்டபோது, குழந்தை பயப்படாமல் இருக்க, முதலில் தன் தொடையில் வெறும் ஊசியைக் குத்திக் காட்டியவள் அவள்.

"ஆளாக்கி விட்டா இதுதான் மரியாதை" என்றாள்.

"இங்க ரோஷத்துக்கு மருந்து தர மாட்டாங்கம்மா. தண்ணியைக் குடிங்க."

பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் திருகினாள். மூடி அசையவில்லை. பெரியவர் வாங்கி ஒரே திருகில் திறந்தார்.

"இதுக்கா இந்தப் பாடு?"

"மட்டமான பாட்டில்" என்று சொல்லிக் கைகளைப் பைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. மகள் நிற்காமல், பதிவு ஜன்னலைப் பார்த்து நடந்தாள்.

"ரத்தப் பரிசோதனை எப்பன்னு கேட்டியா?"

"எல்லாம் கேட்டேம்மா. இதோ வரேன்."

வரிசையில் ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றாள். அந்த நிற்பைப் பார்த்தாலே எந்த முட்டி வலிக்கிறதென்று அம்மாவுக்குத் தெரியும். எழுந்து போய்த் தான் நிற்கலாமா என்று தோன்றியது. போகவில்லை. வெளியே போ என்றவள்தானே, நிற்கட்டும்.

மகள் ஓர் அட்டையோடு திரும்பி வந்தாள்.

"இனிமே நீ தனியாவே வந்துக்கோ. நான் எதுக்கு?" அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மகள் அட்டையை அவள் மடியில் வைத்தாள். புத்தம் புது அட்டை. நோயாளியின் வயது நாற்பத்தாறு. அதற்கு மேலே அம்மாவின் பெயர்.

"எனக்கு விரல்ல வந்ததே இல்லையேம்மா. முட்டியும் கணுக்காலும்தானே? விறைப்புகூட இப்பல்லாம் பத்து நிமிஷத்துல விட்டுடுது." அம்மாவின் கையை மெல்ல, அழுத்தாமல் எடுத்தாள். "எத்தனை நாளா இப்படி?"

அம்மா கையை உருவி மறுபடியும் பைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"டாக்டர் இப்பவே பார்க்கிறேன்னாங்க. இங்க உன்னையும் பார்ப்பாங்க. உள்ள போ. நான் வெளியில உக்காந்திருக்கேன்."

அம்மா எழுந்து போனாள். கதவில் கை வைத்தபோது மகள் கூப்பிட்டாள்.

"அம்மா... உள்ள போய் 'எங்களுக்கு'ன்னு ஆரம்பிக்காதே. 'எனக்கு'ன்னு சொல்லு."