ஈரத்துக்கு நாலு கிலோ

மிதவை விமானம் நீர்த்தேக்கத்தின் நடுவே திரும்பி அணைக்கட்டைப் பார்த்து நின்றபோதுதான், தான் எழுதிய தாள் தனுஷிகாவின் கண்ணில் உறைத்தது.

பதினாலு பைகள். ஒவ்வொன்றின் எடைக்குப் பக்கத்திலும் பொடி எழுத்தில் நாலு கிலோ கழித்திருந்தாள்.

துறையில் நின்றபடியே கூட்டிப் பார்த்தாள். ஐம்பத்தாறு கிலோ.

மஸ்கெலியாவிலிருந்து கொழும்புக்குப் பறக்கும் அந்தக் குட்டி விமானத்துக்கு எடை பார்க்கும் வேலையில் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகிறது. புகையைக் குறைக்கிறோம் என்று கம்பனி புதுச் சட்டம் போட்டிருந்தது. ஆளையும் பையையும் நிறுத்து, அந்த எடைக்கு வேண்டிய எண்ணெயை மட்டும் ஊற்ற வேண்டும். இருக்கையும் காலியாகப் போகக் கூடாது. எத்தனை கிலோ புகை என்று மேலிடத்துக்கு எழுதுவதும் அவள் தாளை வைத்துத்தான்.

அந்தத் தாளில் எடை மிச்சமிருந்ததால்தான் கடைசியாக ஓடிவந்த ஒருவரையும் ஏற்றிக்கொண்டார்கள்.

முதல் இரண்டு நாளும் வெயில். இன்று காலையிலிருந்து மழை. பைகள் சொட்டச் சொட்ட வந்தன. கை தானாகக் கழித்துவிட்டது.

ஒன்பது வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்த கை அது. மழை நாளில் சாக்குக்கும் ஈரத்துக்குமாக நாலு கிலோ கழிப்பது அங்கே வழக்கம். பெண்கள் முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ராக்காயி மட்டும் தராசு முள்ளைப் பார்த்தபடி நின்றுகொண்டிருப்பாள்.

“ராக்காயி பதினெட்டு, கழிவு நாலு, பதினாலு” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாள் தனுஷிகா.

இன்ஜின் சத்தம் ஏறியது. விமானம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடத் தொடங்கியது.

சொன்னால் வேலை போய்விடும். உள்ளே ஒன்பது பேர் இருந்தார்கள்.

கையிலிருந்த வோக்கிடோக்கியை அழுத்தினாள்.

“நிப்பாட்டுங்க சேர். பை நிறையில நாலு நாலு கிலோ கொறச்சு எழுதிட்டேங்க.”

விமானம் ஓடிக்கொண்டே இருந்தது. மிதவைகள் தண்ணீரை விட்டு எழவில்லை. அணைக்கட்டு நெருங்கியது. தனுஷிகா கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தம் மெல்லத் தணிந்தது.

திரும்பி வந்த பைலட் நனைந்தபடியே துறையில் இறங்கினார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. தாளைக் காட்டி, அவருக்குத் தெரிந்த தமிழில் அமைதியாகக் கேட்டார்.

“ஈரத்தையும் சேர்த்துத்தானே நான் தூக்கணும்?”

இந்தக் கேள்வி அவளுக்குப் புதிதல்ல. முதுகுச் சுமையை இறக்கிவிட்டு, ஒவ்வொரு மழை நாளிலும் ராக்காயி இதையேதான் கேட்டாள்.

வேலை போன சேதியை லயத்து வீட்டுக்குப் போய் முதலில் அவளிடம்தான் சொல்ல வேண்டும்.

நிறுக்கும் இடத்தில் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவது. அந்த ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் தனுஷிகா தன்னைப் பெற்றவளை அங்கே அம்மா என்று கூப்பிட்டதில்லை.