தெய்வானை நான் இல்லை

அவள் வாயைத் திறக்கக் கூடாது.

வாசகர் வட்டத்தில் அதுதான் முறை. எழுதியவர் வாசிக்க வேண்டும். பிறகு மற்றவர்கள் பேசுவார்கள். அத்தனை பேரும் பேசி முடித்த பிறகுதான் ஏற்புரை. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கிளை நூலகத்தின் மாடியில் பதினான்கு நாற்காலிகள். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

துடைக்கட்டும். நன்றாகத் துடைக்கட்டும்.

அவள் வாசித்தது தெய்வானையின் நாட்குறிப்பு. ஊருக்கு வெளியே ரயில்வே கேட்டில் ஒற்றை ஆளாக வேலை பார்க்கிற தெய்வானை. பேச்சுத் துணைக்கு நாய்கூட இல்லாத தெய்வானை.

அவளை உண்டாக்கியது இவள்.

துணி காயப்போடும் சாக்கில் மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர்த்தொட்டி நிழலில் உட்கார்ந்து, முப்பது நாள் எழுதியது. நடுவில் எத்தனை கூப்பாடு! அம்மா, என் சீப்பு எங்க. அண்ணி, காபி. ஏம்மா, மோட்டாரை நிறுத்துனியா.

பதினோரு பேர் இருக்கிற வீடு. குளிக்கப் போனாலும் கதவைத் தட்டுவார்கள்.

அந்த வீட்டில் இருந்துகொண்டு ஒரு ஒண்டிக்கட்டையை எழுதியிருக்கிறாள். சும்மாவா?

‘ஒருத்திக்கு எவ்வளவு உளுந்து ஊறப்போடுவது என்று இன்னும் கை பழகவில்லை. நான்கு நாளாக அதே மாவு.’

‘ஏழாவது ரயிலில் ஒரு குழந்தை கை காட்டியது. எனக்குத்தானா என்று தெரியவில்லை. நானும் காட்டினேன்.’

அந்த இரண்டாவது வரியை எழுதிய அன்றைக்குத் தன் முதுகில் தானே தட்டிக்கொண்டாள்.

தலைவர் பொன்னுரங்கம் சார் முதலில் பேசினார்.

“அனுபவிச்சு எழுதியிருக்காங்க. இவ்வளவு வேதனையை மனசுல வச்சுக்கிட்டா நம்ம கூட உக்காந்திருந்தாங்க!”

அவளுக்குத் திக்கென்றது. அவள் வந்திருப்பது இரண்டாவது கூட்டத்துக்கு. அவள் வீடு வாசல் யாருக்கும் தெரியாது.

“வீட்டுக்காரர் எப்பத் தவறினாருன்னு கேக்கத் தோணுது. கேக்க மாட்டேன்” என்றார் அடுத்தவர்.

ஐயோ. அந்த மனுஷன் இந்நேரம் வெங்காயம் வாங்க மறந்து தன் அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருப்பார்.

“வாரத்துக்கு ஒருநாள் எங்க வீட்டுல வந்து சாப்பிடுங்கக்கா” என்றாள் இன்னொருத்தி.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பரிதாபமா? யாராவது ஒருத்தர் அந்த எழுத்தைப் பற்றிப் பேசக் கூடாதா? பாடுபட்டு ஒருத்தியை உண்டாக்கிக் கொண்டுவந்து நிறுத்தினால், அது நீதானே என்கிறார்களே. அப்புறம் அவள் செய்ததுதான் என்ன?

ஏற்புரைக்குக் கூப்பிட்டார்கள். நன்றி சொல்ல எழுதிவைத்திருந்த தாளை மடித்துப் பையில் போட்டாள்.

“எங்க வீட்டுல பதினோரு பேருங்க. வீட்டுக்காரர் கல்லு மாதிரி இருக்கார். காலையில நாப்பது இட்லி அவிச்சு வச்சிட்டுத்தான் வந்திருக்கேன். தெய்வானை நான் இல்ல.”



கைதட்டல். பொன்னுரங்கம் சார் எழுந்தே நின்றுவிட்டார்.

“அப்ப நீங்க எழுத்தாளரும்மா” என்றார்.

அது போதும். இந்த ஜென்மத்துக்கு அது போதும்.

படியிறங்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல். கடைசி வரிசையில் கடைசிவரை பேசாமல் இருந்த லூர்து மேரி டீச்சர். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறதாம். கையில் ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும்.

“நீங்க இல்லன்னு சொன்னீங்கல்ல. அப்ப அவங்க வேற ஆளு. அவங்க போன் நம்பர் கிடைக்குமாம்மா?”

அவளுக்கு உடனே புரியவில்லை.

“உங்களுக்கு வீடு நெறைய ஆள் இருக்கு. அந்தப் பொண்ணுக்கு யாருமில்ல. எனக்கும் யாருமில்ல. நான் வாயத் தொறந்து பேசியே நாலு நாளாச்சு.”

தெய்வானை தான் உண்டாக்கியவள் என்று ஏற்புரையில் சொல்லவே மறந்திருக்கிறாள். இப்போது சொல்லிவிடலாம். அப்படி ஒருத்தி கிடையாது டீச்சர், எல்லாம் என் கற்பனை. சொன்னால் டீச்சரும் பாராட்டத்தான் செய்வார்.

பெருமையாக இருந்தது. அவளுடைய தெய்வானை எழுந்து நடந்துவிட்டாள். ஒருவர் போன் நம்பர் கேட்கிற அளவுக்கு.

டீச்சர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டிக்கொண்டே நின்றார்.

வாங்கினாள்.

தெய்வானை என்று எழுதினாள். அதற்குக் கீழே தன் சொந்த எண்ணைப் பத்து இலக்கமும் தெளிவாக எழுதினாள்.

“ஆறு மணிக்கு மேல கூப்பிடுங்க டீச்சர். அப்ப அவளுக்கு ரயில் கிடையாது.”